திரிந்த நிலம்: ஈப்போவும் கிந்தாப் பள்ளத்தாக்கும்

பேராக் மாநிலத்தின் தலைநகராகிய ஈப்போ, கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், கிந்தா ஆற்றங்கரையில் அமைந்தது. இன்று மின்தொடர் வண்டியில் ஏறியவர் இரண்டரை மணி நேரத்தில் அங்கு இறங்கிவிடலாம். 1880ஆம் ஆண்டுகளில் அந்தப் பயணம் அத்துணை எளிதாக இருக்கவில்லை. பேராக் ஆற்றில் படகேறி, அதன் கிளையாகிய கிந்தா ஆற்றுக்குள் புகுந்து, நீரோட்டத்தை எதிர்த்துக் காட்டினூடே செல்ல வேண்டும். பெரிய படகுகள் செல்லக்கூடிய கடைசித் துறை எதுவோ, அதுவே ஈப்போவாக வளர்ந்தது. பழங்குடியினர் தம் ஊதுகுழல் அம்புகளுக்கு நஞ்சு எடுத்த 'ஈப்போ' என்னும் மரமே ஊருக்குப் பெயர் தந்தது. காட்டுக்குள் ஒதுங்கிக் கிடந்த அத்துறையை நகரமாக்கிய பொருள் வெள்ளீயம்.

பள்ளி விடுமுறையில் மாணவரை ஈப்போவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் பலர். குகை, வெந்நீர் ஊற்று, குளம், மாளிகை, கோயில் என்று காணத்தக்கவை பல உள்ளன. ஆயினும் ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்டிவிட்டுத் திரும்பினால், அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற வேடிக்கைகளாகவே மாணவர் மனத்தில் நிற்கும். உண்மையில் அவை ஒரே காரணத் தொடரின் விளைவுகள். அந்தத் தொடரை விளக்கத் தமிழாசிரியர்க்குப் பழகிய கருவி ஒன்று உண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அம்முறையில் கிந்தாப் பள்ளத்தாக்கைப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் காட்சிகள் ஒரு பாடமாக ஒன்றுகூடும்.

முதற்பொருள்: இரண்டு கற்களும் ஒரு மழையும்

கிந்தாப் பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இவ்விரண்டும் கருங்கல் மலைகள். இவற்றின் இடையே, சமநிலத்திலிருந்து திடீரென்று செங்குத்தாக எழுந்து நிற்கும் வெண்சாம்பல் நிறக் குன்றுகள் சுண்ணாம்புக்கல். தொடர்வண்டியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவன இவையே.

இன்று குன்றாக நிற்பது ஒரு காலத்தில் கடலடி. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கும் 25 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில், கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகி இக்கல் உண்டாயிற்று. பிறகு, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்திலிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து குளிர்ந்து கருங்கல்லாயிற்று. அது குளிர்ந்தபோது வெளிப்பட்ட சூடான நீர்மங்கள் வெள்ளீயத்தைச் சுமந்து வந்து, பாறை வெடிப்புகளில் தாதுவாகப் படியச் செய்தன.

அடுத்த வேலையை மழை செய்தது. வெப்பநாட்டு மழை கருங்கல்லைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைத்துக் களியும் மணலுமாக அடித்து வந்தது. அம்மணலோடு ஈயத்தாதுவும் வந்தது. மணலின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு, ஈயத்தாதுவின் அடர்த்தி ஏறத்தாழ 7 மடங்கு. ஆகவே நீர் மணலை நெடுந்தூரம் இழுத்துச் சென்றது. கனத்த தாது வழியிலேயே தங்கிவிட்டது.

அது தங்கிய இடமும் கருதத்தக்கது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அந்நீரில் சுண்ணாம்புக்கல் கரையும். ஆகவே பள்ளத்தாக்கின் அடிப்பாறை சமதளமாக இல்லாமல், கூரிய முனைகளும் ஆழ்ந்த குழிகளுமாக அரிக்கப்பட்டிருந்தது. ஆற்று வெள்ளம் கொணர்ந்த தாது அக்குழிகளில் சிக்கிக்கொண்டது. கருங்கல் ஈயத்தைக் கொடுத்தது. மழை அதைச் சுமந்தது. சுண்ணாம்புக்கல் அதைப் பிடித்து வைத்தது. இம்மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால் கிந்தா உலகின் மிகவளமான ஈயவயல்களுள் ஒன்றாயிற்று. குகைகளைக் குடைந்ததும் அதே மழைநீர்தான் என்பதை மாணவர்க்குக் கூறினால், குகைக்கும் ஈயச்சுரங்கத்திற்கும் உள்ள உறவு தானே விளங்கும்.

சொல் விளக்கம் ஒன்று இங்கு வேண்டும். 'ஈயம்' என்பது தமிழில் இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். கரியது காரீயம், வெண்மையானது வெள்ளீயம். மலேசியத் தமிழர் 'ஈயச்சுரங்கம்' என்பது வெள்ளீயச் சுரங்கத்தையே. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் இவ்வெள்ளீயமே. சொம்பில் நீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்கக்கூடாது என்று பாட்டிமார் எச்சரிப்பதன் காரணம், வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும் என்பது. உலகச் சந்தையில் இதற்கு மதிப்பேற்றியது தகரம். இரும்புத் தகட்டில் வெள்ளீயம் பூசினால் துருப்பிடிக்காது. மேலைநாடுகளில் உணவைத் தகரப்பெட்டியில் அடைத்து விற்கும் தொழில் பெருகப் பெருக, பேராக் காட்டில் மண்வெட்டிகளின் ஓசையும் பெருகிற்று.

கருப்பொருள்: தொழிலும் தெய்வமும்

பேராக்கில் ஈயத்தொழில் முதலில் செழித்தது கிந்தாவில் அன்று. தைப்பிங்கைச் சூழ்ந்த லாருட்டில். லோங் ஜாபார் என்பார் 1848இல் அங்கு ஈயத்தைக் கண்டறிந்ததாகக் கூறுவர். சீனச் சுரங்கத் தொழிலாளர் திரண்டனர். கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு கூட்டத்தாரிடையே மூண்ட பூசலும், அரசுரிமைப் போட்டியும் ஆங்கிலேயர் தலையிட வழிவகுத்தன. 1874 சனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டதும் ஈயத்தை ஏற்றுவதற்கே. லாருட்டில் வளம் குன்றியபோது தொழில் கிந்தாவுக்குப் பெயர்ந்தது. 1937இல் மாநிலத் தலைநகரும் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறிற்று.

கிந்தாவில் ஈயம் எடுத்த முறைகள் பல. எளியது 'டூலாங்'. மரத்தால் செய்த அகன்ற தட்டில் ஆற்றுமணலை அள்ளி, நீரில் வட்டமாகச் சுழற்றினால் மணல் வெளியேறும். கரிய தாது அடியில் நிற்கும். முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல்லைப் பிரிக்கும் கைத்திறன் போன்றதே இது. இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர்.

பெரிய சுரங்கங்களில் குழாய்வழிப் பாய்ச்சிய நீரால் மண்கரையை உடைத்து, சேற்றைப் பொறியால் ஏற்றி, 'பாலோங்' என்னும் நீண்ட சாய்வான மரக்கால்வாயில் ஓடவிட்டனர். குறுக்கே வைத்த கட்டைகளின் பின்னால் தாது தங்கியது. சுண்ணாம்புப் பாறையின் குழிகள் கோடியாண்டுகளாகச் செய்ததையே மனிதன் மரக்கட்டையால் சில மணி நேரத்தில் செய்துகொண்டான்.

1910ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மண்வாரிக் கப்பல் கிந்தாவுக்கு வந்தது. அது கடலில் ஓடும் கப்பலன்று. தான் தோண்டிய குளத்திலேயே மிதப்பது. முன்புறம் சங்கிலியில் கோத்த வாளிகள் மண்ணை அள்ளும்; நடுவே தாது பிரியும்; பின்புறம் மணல் கொட்டப்படும். கப்பல் முன்னேற முன்னேறக் குளமும் உடன் நகரும். பத்து காஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்கிற்கும் இடையே இன்றும் அத்தகைய கப்பல் ஒன்று நிற்கிறது. 1938இல் கட்டப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 4,500 டன், 1982இல் ஓய்ந்தது.

சுரங்கத்தில் உழைத்தோரில் பெரும்பாலோர் சீனர். தமிழர் பங்கு சுரங்கத்தைச் சூழ்ந்து அமைந்தது. இருப்புப்பாதை போட்டவர், சாலை அமைத்தவர், நிலையங்களில் பணியாற்றியவர், பின்னர் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவியவர் எனப் பல நிலைகளில் அவர் இருந்தனர். ஈயம் சந்தைக்குப் போன வழியெல்லாம் தமிழர் கை பட்ட வழி. ஈப்போ நகரின் பெருமையாகப் போற்றப்படும் வெண்ணிறத் தொடர்வண்டி நிலையம் ஹப்பக் என்னும் கட்டடக்கலைஞர் வரைந்தது, 1917இல் நிறைவுற்றது. அதனைக் காட்டும் ஆசிரியர், கட்டடத்தோடு தண்டவாளத்தையும் காட்டுதல் வேண்டும்.

குறிஞ்சிக்குச் சேயோன் என்பது தமிழ் மரபு. ஈப்போவிலும் முருகன் குன்றையே சார்ந்தான். குனோங் செரோ என்னும் சுண்ணாம்புக் குன்றை ஒட்டிய கல்லுமலைச் சுப்பிரமணியர் ஆலயம், தைப்பூசத்தன்று மாநிலத்தின் பல பகுதி மக்களும் கூடும் இடம். புந்தோங்கிலுள்ள ஆலயத்திலிருந்து காவடிகள் அங்கு வருகின்றன. சீனரும் தம் புத்தர் கோயில்களைக் குகைகளுக்குள்ளேயே அமைத்தனர். 1926இல் தொடங்கப்பெற்ற பேராக் தோங், குனோங் ராப்பாட்டில் உள்ள சாம் போ தோங் ஆகியவை பலரும் அறிந்தவை. வெவ்வேறு மொழியினர் ஒரே கல்லிடம் சென்று வணங்கியது இந்நிலத்தின் தனிச்சிறப்பு.

உணவிலும் நிலத்தின் அடையாளம் உண்டு. தம்புன் வட்டாரத்துப் பம்பளிமாசும், ஈப்போவின் கொழுத்த பாசிப்பயறு முளையும் பேர் பெற்றவை. சுண்ணாம்பு கலந்த நீரே முளைக்குச் சுவை தருவதாக ஊரார் கூறுவர். புந்தோங்கில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்துவரும் 'கச்சாங் பூத்தே' எனும் பயறு, கடலை, முறுக்கு வகைகள் நாடெங்கும் செல்கின்றன.

திரிந்த நிலம்

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் செய்தி. கிந்தாவில் அத்திரிபைக் கதிரவன் செய்யவில்லை. கப்பலும் குழாயும் செய்தன. காடு அழிக்கப்பட்டது, மேல்மண் கழுவப்பட்டது, எஞ்சியது வெண்மணலும் குழியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து சென்றது. அதில் பெரும்பங்கு கிந்தாவினுடையது. அந்த வளத்தின் விலை இந்த மணல்.

1985 அக்டோபரில், ஈயத்தின் விலையைத் தாங்கிவந்த அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி முடங்கிற்று. விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பொறிகள் நின்றபின் குழிகளில் மழைநீர் நிறைந்தது. இன்று கம்பார் முதல் ஈப்போ வரை வழியெங்கும் காணும் குளங்களுள் மிகப்பல இவ்வாறு உண்டானவை.

இவ்விடத்தில்தான் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று இருக்கிறது. பாலை நிலையானதன்று, மழை பெய்தால் அந்நிலம் மீண்டும் தளிர்க்கும். கிந்தாவிலும் அது நிகழ்ந்துள்ளது. பத்து காஜா வட்டாரத்துப் பழைய சுரங்கக் குளங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. கம்பாரிலும் துரோனோவிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தது சுரங்கம் ஓய்ந்த நிலத்தில். தைப்பிங்கின் புகழ்பெற்ற ஏரிப் பூங்கா 1880ஆம் ஆண்டுகளிலேயே கைவிடப்பட்ட ஈயக்குழியைச் செப்பனிட்டு அமைத்தது.

குன்றின் நிலை வேறு. சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்கும் சலவைக்கல்லுக்கும் வெட்டப்படுகிறது. வெட்டிய குன்று எத்தனை மழை பெய்தாலும் வளராது. இக்குன்றுகள் ஒவ்வொன்றும் சமவெளிக் கடலில் ஒரு தீவு போன்றவை. ஒன்றில் வாழும் சிற்றுயிர் அடுத்த குன்றில் இராது. செம்மோர் அருகேயுள்ள குனோங் கந்தானில் மட்டும் காணப்பட்ட சிலந்தி இனமும் நத்தை இனமும் உண்டு. அக்குன்றின் ஒரு பகுதி சிமெண்டுக்காக வெட்டப்பட்டது. 2014இல் அங்குக் கண்டறிந்த நத்தை ஒன்றுக்கு, அப்போது குன்றை வெட்டிய நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர் சூட்டினர். அந்த நத்தையின் வாழ்வு அன்று யார் கையில் இருந்தது என்பதை அப்பெயர் நினைவூட்டுகிறது. குன்று போனால் உயிரோடு வரலாறும் போகும். தம்புன் அருகே பாறை முகட்டில் செங்காவியால் தீட்டிய பழங்கால ஓவியங்கள் 1959இல் கூர்க்காப் படைவீரர் ஒருவரால் கண்டறியப்பட்டன. எழுத்து அறியாக் காலத்து மனிதன் எழுதிய ஏடு அது. கிந்தாப் பள்ளத்தாக்கு 2018இல் தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது நன்று. ஆயினும் அறிவிப்பைக் காப்பது மக்களின் அறிவே.

உரிப்பொருள்: பிரிவும் பெயரும்

வருதல், தங்குதல், பிரிதல் ஆகிய மூன்றுமே இந்நிலத்து மாந்தரின் ஒழுக்கம். பத்து காஜாவுக்கும் கோப்பேங்கிற்கும் இடையே முற்றுப்பெறாது நிற்கும் கெல்லி மாளிகை இதனை எடுத்துக்காட்டும். ஸ்காட்லாந்திலிருந்து 1890இல் வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் காட்டை வாங்கி ரப்பர் நட்டு, அதற்குக் கிந்தா கெல்லாஸ் தோட்டம் எனப் பெயரிட்டார். 1915இல் பெரிய மாளிகை ஒன்றைத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கைவினைஞரை வரவழைத்ததாகக் கூறுவர். கொள்ளைக்காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டினர், ஸ்மித் இசைந்தார். அக்கோயிலின் மேற்கூரையில் தெய்வச் சிலைகளுக்கிடையே தொப்பியணிந்த ஒருவரின் உருவம் உள்ளது. அது ஸ்மித்தே என்பர். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது.

வருவோர் மாளிகையைப் படம் பிடித்துக்கொண்டு, பேய்க்கதை கேட்டுத் திரும்புகின்றனர். அருகிலுள்ள கோயிலுக்குச் செல்வோர் சிலரே. துரையின் பெயர் மாளிகையில் நிலைத்தது. காய்ச்சலில் மாண்டவர் பெயர்களை வருவோர்க்குச் சொல்ல எவருமில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அக்கோயிலே சான்று. மாணவர் முதலில் காண வேண்டியது கோயில், அதன்பின் மாளிகை.

தோட்டங்களின் நிலையும் அன்னதே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் நகர்களுக்குப் பெயர்ந்தன. ஆயினும் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்தின் பெயரை இன்னும் சுமக்கின்றன. கிந்தா கெல்லாஸ் என்னும் பெயரும் அவ்வாறு ஒரு தமிழ்ப்பள்ளியில் வாழ்கிறது. தோட்டம் மறைந்தபின் அதன் பெயர் பள்ளிப் பலகையில் மட்டும் நிற்குமானால், அப்பலகையின் பொருளை மாணவர்க்குச் சொல்லுதல் பள்ளியின் கடன்.

காணும் முறை

ஒரு நாளில் காண விரும்புவோர் பின்வரும் ஒழுங்கைக் கொள்ளலாம். காலையில் கல்லுமலையில் தொடங்குக. குன்றைத் தொட்டு, அதன் கல்லைக் காட்டுக. இங்கு மற்றொன்றும் கூறத்தக்கது: 1973 அக்டோபர் 18ஆம் நாள் குனோங் செரோவிலிருந்து பெரும்பாறை சரிந்து, அடியில் குடியிருந்தோர் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். மழைநீர் கல்லை அரிக்கும் என்பது ஏட்டுப் பாடம் மட்டுமன்று என்பதை மாணவர் உணர்வர்.

பின்னர் நிலையத்தையும் ஆற்றையும் பார்த்துவிட்டு, தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள பத்து காஜா வழியாக மண்வாரிக் கப்பலுக்குச் செல்லலாம். அங்கிருந்து மாரியம்மன் கோயில், கெல்லி மாளிகை, கோப்பேங். நேரமிருப்பின் கோப்பேங் அருகேயுள்ள தெம்புரோங் குகை. தீபகற்ப மலேசியாவின் பெருங்குகைகளுள் ஒன்றாகிய அதனுள் ஓர் ஓடை குன்றை ஊடுருவி ஓடுகிறது. அக்குகையிலும் முன்னாளில் ஈயம் எடுத்தனர். கல், நீர், ஈயம், மனிதன் ஆகிய நான்கையும் ஒரே கூரையின் கீழ்க் காண அதைவிட நல்ல இடம் இல்லை.

எச்சரிக்கைகள் சில. சுரங்கக் குளத்தின் கரை செங்குத்தானது, அடி சேறு, அதில் மாணவரை இறங்க விடலாகாது. மழை பெய்யும்போது குகை ஓடை விரைந்து பெருகும். வழிகாட்டியின்றி உட்செல்லல் ஆகாது. குகையில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தொடவோ ஒடிக்கவோ கூடாது; விரலளவு வளரப் பல தலைமுறைக் காலம் பிடித்தவை அவை. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுதல் நலம்.

திரும்பியபின் மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்பாக 'நான் சென்ற சுற்றுலா' என்று கொடுப்பது வழக்கம். அதற்கு மாறாக, கண்டவற்றை மூன்று பத்தியாக வகுத்து எழுதச் செய்யலாம்: நிலம் எவ்வாறு அமைந்தது, அதில் என்ன விளைந்தது, அங்கு யார் வந்து, எப்படி வாழ்ந்து, ஏன் பிரிந்தனர். மூன்றாம் பத்திக்கு வேண்டிய செய்தி எந்த அறிவிப்புப் பலகையிலும் முழுமையாக இல்லை. அது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டியரிடம் உள்ளது. குளம் தானே தளிர்க்கும்; குன்றைச் சட்டம் காக்கக்கூடும்; அம்முதியோர் நினைவில் உள்ளதை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.